புகை ஒழிப்பில் முன்னோடி

என் அக்காள் புருஷன் அர்ச்சுனன் ஒரு சங்கத்தில் சேர்ந்தார் என்றால், எப்போது வெளியேறுவார் என்று அன்றைக்கே நாள் பார்க்க ஆரம்பித்துவிடலாம். வெளியேறிய பிறகுதான் அந்தச் சங்கத்தின் மேல் அவருக்கு அக்கறை பொங்கும்.

பெடாஸ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் நாங்கள் மேட்டுத் தோட்டம் என்றோம். கீழே ஆத்துத் தோட்டம், அதற்கடுத்தது பாலத்தடித் தோட்டம். மேட்டுத் தோட்டத்தில் மச்சான் மண்டோராக இருந்தார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் மரம் சீவுவது என்று பிரித்து அனுப்புகிற வேலை. வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. வீட்டில் என் அக்காள் மயிலம்மாளைக் கூப்பிடுவதுகூட நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

எழுபதுகளில் அவர் தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவுக்குத் தலைவர். பந்தை எந்தக் காலால் உதைப்பது என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் உண்டு. ஆத்துத் தோட்டத்தோடு ஒரு போட்டியில் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் வெளியேறினார். வெளியேறியவர் வீட்டுக்குப் போனாரா என்றால் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எடது பக்கம் தள்ளு லா, எடது பக்கம்" என்று கடைசி வரை கத்தினார். அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். தான் வெளியே வந்ததால்தான் ஜெயித்தோம் என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மரண சகாயச் சங்கத்தையும் அப்படித்தான் விட்டு விலகினார். அதற்குப் பிறகு ஒரு சாவு வீடு பாக்கி இல்லை. பாடை கட்டுகிறவனுக்கும் மேளக்காரனுக்கும் அவர்தான் உத்தரவு போடுவார். செத்தவர் ஒருத்தர்தான் அவர் சொல்லுக்குக் கட்டுப்படாமல் படுத்திருப்பார்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் சாயங்காலம் வாசலைக் கூட்டி, சருகையும் குப்பையையும் குவித்து நெருப்பு வைப்பது வழக்கம். வீட்டுக்கு ஒரு குவியல். கொசு போகும், வாசல் சுத்தமாகும், அக்கம்பக்கத்தார் அதைச் சுற்றி நின்று கதை பேசலாம். மச்சான் முதல் குவியலுக்கு நெருப்பு வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்க வேண்டும். இது அவர் மண்டோராக இருந்தபோது அவரே போட்ட சட்டம். அந்தக் குவியல் அவர் வீட்டு வாசலில்தான் இருக்கும்.

அக்காளுக்கு இழுப்பு நோய். கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. உள்ளே விறகு அடுப்பு, வெளியே குப்பைப் புகை, இரண்டுக்கும் நடுவே அவள். மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் ஊதும். சிரம்பான் டாக்டர் பார்த்துவிட்டு, மருந்து அப்புறம், முதலில் புகையை விட்டு விலகுங்கள் என்றார். அவள் மகன் கணேசமூர்த்தி சிரம்பான் டவுனை ஒட்டிய லோபாக்கில் வீடு எடுத்திருந்தான். வாசலில் தார் ரோடு, உள்ளே கேஸ் அடுப்பு. அப்பாவும் அம்மாவும் அங்கே வந்துவிட வேண்டும் என்று மாதம் தவறாமல் வந்து கெஞ்சுவான்.

ஒரு நாள் என் எதிரிலேயே அக்காள் கேட்டுவிட்டாள். "என்னாங்க, ஒண்ணு இங்க பொகை நிக்கணும். இல்லேன்னா நாம லோபாக்குக்குப் போயிறணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"தலைவன் போயிட்டா சனம் என்னா ஆவும் மயிலு?"

"எனக்கு என்னா ஆவும்னு கேட்டேன்."

அவர் லோரி ஓட்டுகிற என் பக்கம் திரும்பி, லோரிக்கு டயர் மாற்றிவிட்டாயா என்று கேட்டார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்து, புகை மொத்தமும் எங்கள் தலையில் வந்து இறங்கியது. அந்தப் புகைமூட்டத்துக்கு ஜெரெபு என்று பேர், எல்லார் வாயிலும் அதே பேச்சு. நான் பட்டப்பகலில் லோரிக்கு லைட்டைப் போட்டு ஓட்டினேன். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அக்காள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சமைத்தாள். வானமே புகையாக இருக்கும்போதும் மச்சான் சாயங்காலமானால் வாசல் குவியலுக்கு நெருப்பு வைத்தார். எரிகிற வீட்டில் சுருட்டுக்கு நெருப்பு தேடுகிற ஆளைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ஆத்துத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வள்ளியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். பிள்ளைகள் இருமியே சோர்ந்து போகிறார்கள், சுமத்ராக்காரனை நம்மால் நிறுத்த முடியாது, நம் வாசலையாவது நிறுத்துவோம் என்று மூன்று தோட்டத்தாரையும் பெடாஸ் கொப்பிக் கடைக்குக் கூப்பிட்டாள். பாலத்தடித் தோட்டத்துக்கு நல்லசாமி வந்தார். அவர் எதற்கும் "சரிதான்" என்பதற்கு மேல் பேசாத மனிதர். எங்கள் தோட்டத்துக்கு மச்சான். அவரை ஏற்றிக்கொண்டு போனதால் நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

குப்பையை எரிக்காமல் குழி வெட்டிப் புதைப்பது, விறகு அடுப்பை ஒரு வேளைக்கு மட்டும் மூட்டுவது என்று முடிவானது. தாளில் எழுதினார்கள். மச்சான் எழுந்து, காற்று இறைவன் கொடுத்தது, அதைக் கெடுப்பவன் மனிதனே இல்லை என்று கொப்பி ஆறும் வரை பேசினார். பிறகு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தாளில் பாதி இடம் அந்தக் கையெழுத்துக்கே சரியாகிவிட்டதால் மற்ற இருவரும் பின்பக்கம் போட வேண்டியிருந்தது.

அந்த வாரம் எங்கள் லயத்தில் குவியல் எரியவில்லை. ஜெரெபு இருந்தது, ஆனால் வாசல் புகை இல்லாததே அக்காளுக்குப் பாதி மருந்தானது. சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கும் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்து, "ஒன் மச்சான் நல்ல மனுசன்தான் தம்பி" என்றாள். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் எல்லாம் கவிழ்ந்தது. ஒப்பந்தத்தை நடத்த ஒரு தலைவர் வேண்டும் என்றார்கள். மச்சான் துண்டைச் சரிசெய்துகொண்டார். நல்லசாமி வள்ளியம்மாவைப் பார்த்து, "நீங்களே இருங்கம்மா, அதான் சரி" என்றார். அந்த மனிதர் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வள்ளியம்மா தலைவியானதும், மேட்டுத் தோட்டத்தில்தான் குவியல்கள் பெரிது, அதனால் அங்கே முதலில் குழிகளை வெட்டிவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மச்சான் எழுந்தார். "அதென்னா எங்களுக்கு மட்டும்? ஆத்துத் தோட்டத்துல புதுசா லயம் கட்டுறான். நாளைக்கு அங்க பொகை கூடும். அவன் கூட்டுவான், நாங்க கொறைக்கணுமா? இந்த ஒப்பந்தம் எங்களுக்கு வேணாம். மேட்டுத் தோட்டம் வெளியேறுது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அன்றைக்கு என் லோரி ஒர்க்ஷாப்பில் இருந்ததால் நான் அவருக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன். மோட்டார் கிளம்பவில்லை. கடைசியில் அவர் மேலே உட்கார, ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்த வள்ளியம்மாவும் நல்லசாமியும் என்னோடு சேர்ந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். மச்சான் திரும்பிப் பார்க்காமல், "இன்னும் வேகமா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் லயத்து ஆட்களைக் கூட்டினார். "ஒப்பந்தத்துலேருந்துதான் வெளியேறிட்டோம். ஆனா பொகைய ஒழிக்கிறதுல இனிமே நாமதான் இந்த வட்டாரத்துக்கே தலைமை" என்று அறிவித்தார். அதெப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விளக்குவார் என்ற பயம். கோயில் பந்தல் துணியின் பின்பக்கத்தில் 'புகை ஒழிப்பில் முன்னோடித் தோட்டம்' என்று சிவப்பு மையால் எழுதி நுழைவாயிலில் கட்டினோம். கட்டி முடித்ததும், அதற்காக வெட்டிய தென்னை ஓலையும் கயிறும் கீழே கிடந்தன. அவற்றைக் கூட்டிக் குவித்து அந்தத் துணிக்குக் கீழேயே கொளுத்தினார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அன்றிலிருந்து வாசல் குவியலும் பழையபடி எரிந்தது. அக்காள் கேட்டதற்கு, "இது பொகை இல்ல மயிலு, கொசு மருந்து" என்றார். அவள் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனாள்.

ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் ஆத்துத் தோட்டத்தில் கூட்டம் போட்டால் இவர் அழைக்காமலே போய் முன்வரிசையில் உட்காருவார். கடைசியாகப் போன கூட்டத்துக்கு நான்தான் லோரியில் கொண்டுபோனேன். கிளம்பும் முன் வாசல் குவியலுக்கு நெருப்பு வைத்துவிட்டுத்தான் ஏறினார். அங்கே போய் மைக்கைப் பிடித்தார்.

"போன வருசம் இதே மாசம் எங்க லயத்துல எரிஞ்சதுல பாதிதான் இப்ப எரியுது. ஒப்பந்தமும் இல்ல, ஒண்ணுமில்ல. நீங்க கையெழுத்துப் போட்டு என்னா கிழிச்சீங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எங்கள் லயத்தில் பாதிக் குவியல்தான் எரிந்தது. ஏனென்றால் பாதி வீட்டில் ஆள் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்தார்கள், வேலை குறைந்தது, பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், பெற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அவர்கள் கட்டிலையும் அலமாரியையும் சாமி படத்தையும் மந்தினுக்கும் லோபாக்குக்கும் ஏற்றிப் போனது என் லோரிதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்கை மைக்கைப் பிடித்துவிட்டது.

வள்ளியம்மா மரியாதையாகக் கேட்டாள். "அண்ணே, மிச்சப் பாதி வீட்டுக்காரங்க இப்ப எங்க இருக்காங்க?"

"மந்தின்ல கொஞ்சம், லோபாக்ல கொஞ்சம்."

"அப்ப அவங்க ஒங்க தோட்டத்து ஆளுங்க இல்லையே."

"எப்படி இல்லாமப் போவும்? கோயில் வரி கட்டுறான். திருவிழாவுக்கு வந்து காவடி எடுக்கிறான். அவன் பிள்ளைக்கு மொட்ட போடுறது நம்ம கோயில்ல. அவன் மந்தின்ல கேஸ் அடுப்புல சோறாக்கினா, அது மேட்டுத் தோட்டத்துக்காரன் கொறச்ச பொகை லா."

சிரிப்பதா வேண்டாமா என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருக்குமே அந்தக் கணக்குதானே. வீட்டைக் காலி செய்து வருஷக் கணக்காகியும், எந்த ஊர் என்று கேட்டால் மேட்டுத் தோட்டம் என்றுதான் சொல்லுகிறோம். நல்லசாமி மெதுவாக, "சரிதான்" என்றார். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெற்றியோடு வீடு திரும்பினோம். வாசலில் குவியல் கனன்றுகொண்டிருந்தது. காற்று வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அக்காள் உள்ளே சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அந்த மனிதரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அவளைத் தூக்கி லோரியில் வைத்துக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். மச்சான் வழி நெடுக அவள் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார். அவர் வாய் மூடி வந்த பயணம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவளை வெளியே விட்டார்கள். மகன் காரோடு வந்திருந்தான், நான் லோரியோடு. மச்சான் பையை எடுத்து லோரியில் வைக்கப் போனார். அக்காள் அதை வாங்கிக் காரில் வைத்தாள்.

"மயிலு, வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். நான் ஒங்க ஒப்பந்தத்துலேருந்து வெளியேறுறேங்க" என்றாள். குரல் கம்மியிருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "கோவிச்சுக்காதீங்க. குடும்பம் நடத்துறதுல இனிமேலும் நாந்தான் தலைமை. லோபாக்ல இருந்து நடத்துவேன். நீங்க ஆக்கித் தின்னுங்க, எப்படி ஆக்கணும்னு நான் கூட்டம் போட்டுச் சொல்றேன். கோயில் வரிய மட்டும் என் பேருலயும் கட்டிருங்க. நானும் மேட்டுத் தோட்டத்து ஆளுதான்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் மூன்று தோட்டத்தையும் பேச்சால் மடக்கியவர். அன்றைக்கு அவர் காரின் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றார். கார் போனதும் என்னிடம், "அவ எங்க பேசக் கத்துக்கிட்டா மாப்ளே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் பெரியவர் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். சோறு என்று சட்டியில் இருந்ததை நான் பார்த்தேன், அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். ஒரு நாள் நான் போனபோது பழைய மிடுக்கோடு, "பாத்தியா மாப்ளே, இந்த வீட்டுலயே பொகை பாதியா கொறஞ்சிருச்சு. ரெண்டு வேள அடுப்பே மூட்டுறதில்ல" என்றார். சொல்லும்போதே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கதவோரத்தில் மாட்டியிருந்த அவள் பழைய சேலையைப் பார்த்தார். நான் சட்டியைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

மழை வந்து ஜெரெபு கரைந்தது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டைப் பார்வையிட வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு லோபாக்குக்குப் புறப்பட்டார். அக்காளைத் திரும்பக் கூப்பிடப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அக்காளுக்கும் தெரியும். அவள் மீன் குழம்பு வைத்துப் பரிமாறினாள். அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், கூப்பிடுகிற பேச்சை எடுக்கவே இல்லை. சாப்பிட்டதும் அவள் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து பேப்பரை விரித்தார்.

ஜப்பானில் உலக நாடுகளெல்லாம் கூடிப் புகையைக் குறைக்க ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மச்சான் படித்துவிட்டுக் கொதித்தார். "அநியாயத்தப் பாரு மாப்ளே. பெரிய நாட்டுக்காரன் சொல்றான், மத்தவன் கொறைக்கலேன்னா நானும் கொறைக்க மாட்டேன்னு. ஆனா தலைமை மட்டும் அவனுக்கு வேணுமாம். இவனையெல்லாம் நிக்க வச்சுக் கேக்கணும் லா. பக்கத்துல உள்ளவன் மூச்சு விட வேணாமா?"

நான் இன்னும் சாப்பிட்டு முடிக்காமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தை நிமிர்த்தினால் சிரித்துவிடுவேன் என்று நிமிரவில்லை. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் வீடே அமைதியாக இருந்தது. மேலே காற்றாடி மட்டும் சுற்றியது.

திடீரென்று பேப்பர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் மச்சான் முழங்காலில் நகர்ந்துபோய் அக்காளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "மயிலு, ஏ மயிலு, மயிலு."

அக்காள் அலறியடித்து எழுந்தாள். "என்னாங்க, என்னா ஆச்சு?"

"சத்தமே காணோம்" என்றார் அவர். "ஒன் நெஞ்சுல சத்தமே இல்ல. தூங்கினா எப்பவும் வருமே, அந்த விசில். அது இல்ல. நான்... நான் ஒனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு..."

"மூச்சு நல்லா வந்தா சத்தம் வராதுங்க" என்றாள் அக்காள். "நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான். கொஞ்சம் தூங்க விடுங்க."

அவள் மறுபடி படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரட்டுக் களத்தில் நூறு பேரைக் கூப்பிட்ட அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

"அப்ப இத்தன வருசமா நீ தூங்கவே இல்லையா மயிலு?"

அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.